என் குரலுக்கு ஏழு விமர்சனம்

இந்தப் பக்கம் உக்காரும்மா. அந்தச் சன்னல்ல ராசபாளையம் தாண்டுறவரைக்கும் வெயில் மூஞ்சில அடிக்கும். எந்திரி எந்திரி, பைய நான் வச்சுக்கிடுதேன். ஆங், இப்பம் சரி. எங்க போற? சங்கரங்கோயிலா? நானும் அங்கதான். நல்லதாப் போச்சு.

தொண்ட ஏன் இப்படிக் கட்டியிருக்குன்னு பாக்கியா? நேத்து சாயங்காலம் மெட்ராஸ்ல ஒரு கூட்டத்துல பேசினேன். மேடையில இல்ல, கீழ நின்னு. எரநூறு பேரு கை தட்டுனாங்க. சந்தோசமா இருந்துச்சான்னு கேட்டுறாத. அந்தக் கைதட்டல நெனச்சா இன்னும் எனக்கு வயிறு எரியுது.

நீ பாட்டு கேப்பியா? 'பதில் போடு'ன்னு ஒரு ஆல்பம் போன ஆடியில வந்துது, கேட்டிருக்கியா? இல்லையா? சரி, பெருசா ஒண்ணும் விட்டுறல. அதச் செஞ்சவன் என் தம்பி. சங்கரநாராயணன். நம்ம ஊர்ல தெருவுக்கு நாலு பேருக்கு அந்தப் பேரு இருக்கும். மெட்ராஸ்ல அவன் பேரு 'சநா'. அம்புட்டுப் பெரிய சாமி பேரையே ரெண்டெழுத்தா நறுக்கினவன், என் குரல எப்படி நறுக்கியிருப்பான்னு பாத்துக்கோ.

அவனுக்கும் எனக்கும் பதினாலு வயசு வித்தியாசம். அப்பா அவன் தவழுதப்பவே போயிட்டாக. அம்மா போனப்ப அவனுக்கு ஒம்போது, எனக்கு இருவத்தி மூணு. அப்புறம் எல்லாம் நான்தான். பள்ளிக்கூடம், காய்ச்சல், இஞ்சினீயரிங் காலேசு, மெட்ராஸ்ல வேல. எனக்கு ரேசன் கடையில வேல. 'அடுத்த கார்டு!'ன்னு நான் ஒரு சத்தம் குடுத்தேன்னா வரிசையில கடைசில நிக்கவங்க வரைக்கும் நிமிந்துருவாக. அதுக்காக நான் கத்துவேன்னு நெனைக்காத. கடையில ஃபேன் சத்தம் ஜாஸ்தி, அதுக்கு மேல பேசணும்லா.

அவன் மெட்ராஸ் போன பெறவு நான் போன்ல குரல் பதிஞ்சு அனுப்ப ஆரம்பிச்சேன். எழுத்து எழுத்தாத் தட்டுறதுக்கு யாருக்குப் பொறுமை இருக்கு? 'ஏல, சாப்ட்டியால? என்ன சாப்ட்ட? நேத்து எத்தன மணிக்குப் படுத்த? எண்ணெ தேச்சுக் குளிச்சியா? பதில் போடு.' இம்புட்டுத்தான். ஒரு நாளைக்கு மூணு. நாலுன்னே வச்சுக்கோ. ஞாயித்துக்கிழம லீவுங்கறதுனால கூட ரெண்டு போகும். ஆறு வருசமா ஒரு நாள் விட்டதில்ல. அவன் ஒத்த வார்த்தையில பதில் போடுவான். 'ம்'. 'ஆச்சு'. 'சரிக்கா'. போன வருசம் ஒரு தடவ நாப்பத்தி மூணு நாள் அதுவும் போடல. வேல ஜாஸ்தி போலன்னு நானும் தொந்தரவு செய்யாம இருந்தேன். அனுப்பிக்கிட்டேதான் இருந்தேன், ஆனா தொந்தரவு செய்யல.

பெறவு ஒரு நாள் அவனே போன் பண்ணினான். வேலய விட்டுட்டானாம், பாட்டு செய்யுதானாம். "அக்கா, நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜுல கொஞ்சம் எடுத்துக்கிடட்டா?"ன்னான். "எடுத்துக்கோல, அதையெல்லாம் என்கிட்ட எதுக்குக் கேக்க? மொதல்ல வேலய ஏன் விட்ட, அதச் சொல்லு"ன்னேன். அப்பறம் நான் ஒரு அரை மணி நேரம் பேசினேன்.

ஆல்பம் வந்த அன்னைக்கு கடைக்கு சீனி வாங்க வந்த காலேசுப் பிள்ள ஒண்ணு, "அக்கா, ஒங்க குரல் பாட்டுல வருது"ன்னு போனை எடுத்துப் போட்டுது. மொதல்ல மிக்சி ஓடுத மாதிரி ஒரு சத்தம். குக்கர் விசில். அதுக்குள்ள இருந்து நான் வாரேன். 'ஏல... ஏல... ஏல... சாப்ட்டியால... டியால... டியால...' கீழ ஒரு கொட்டுச் சத்தம் விழுது, மேல நான் டியால டியாலன்னு போய்க்கிட்டே இருக்கேன். கடையில நின்ன அம்புட்டு பேரும் சிரிச்சாக. நானும் சிரிச்சேன். பாட்டு புரியல, ஆனா அவன் என்னய மறக்கல பாத்தியா, அதுவரைக்கும் சந்தோசம். எனக்கு தம்பி மேல கோவமே கிடையாது. அத நல்லாக் கேட்டுக்கோ. எனக்குக் கோவம் அந்த விமர்சனம் எழுதுனவுக மேலதான்.

ஏழு விமர்சனம். ஏழும் இந்தப் பையில இருக்கு.

மொத விமர்சனத்த எங்க வீட்டு அவுகதான் கொண்டாந்தாக. அவுகளுக்குத் தபால் ஆபீஸ்ல வேல. யாருக்கோ வந்த பத்திரிகைய மேலட்டையில தம்பி படம் இருக்குதுன்னு பாத்துட்டு, கடையில போயி ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டாக. நான் அடுப்படியில நிக்கேன். "சத்தமா வாசிங்க"ன்னேன். வாசிச்சாக. மொத ரெண்டு பத்தி நல்லாத்தான் போச்சு, தமிழ்ல இப்படி ஒரு முயற்சி வந்ததில்ல, அது இதுன்னு. பெறவு பாரு. 'இத்தொகுப்பின் மையத்தில் ஒரு குரல் இருக்கிறது. அது அன்பின் உடையை அணிந்த அதிகாரம். சாப்பிட்டாயா என்னும் எளிய கேள்வி இங்கே ஒரு விசாரணையாகிறது.'

விசாரணையாம்! நான் என்ன போலீஸ் ஸ்டேசன்லயா வேல பாக்கேன்? தம்பிகிட்ட சாப்ட்டியான்னு கேட்டா விசாரணையா? அப்ப சாப்ட்டியான்னு கேக்காத அக்காதான் நல்லவளா? நான் அவுக கையில இருந்து பத்திரிகையப் புடுங்கி நானே வாசிச்சேன். எழுதுனது ஒரு பொம்பள. ரேணுகா தனபாலன்னு பேரு. "ஏங்க, நான் அதட்டியா பேசுதேன்?"னு கேட்டேன். அவுக ஒண்ணும் சொல்லல. அவுக எப்பவும் அப்படித்தான், பேச மாட்டாக. கல்யாணமாகி இருவது வருசமாச்சு, அதே கதைதான். நான் ஒண்ணு கேப்பேன், அவுக வாயத் தொறக்குறதுக்குள்ள பதிலையும் நானே சொல்லிருவேன். அதுல அவுகளுக்கும் ஒரு சவுகரியம்.

நீ சாப்ட்டியாம்மா? மொகமெல்லாம் வாடிப்போயிருக்கு. இந்தா, இட்லி இருக்கு, பொடி தடவுனது. வேண்டாமா? ஏன்? பஸ்ஸுல சாப்ட மாட்டியா? ஒண்ணே ஒண்ணு. இந்தா பிடி. கையில வச்சுக்கோ, பசிக்கிறப்ப தின்னு.

என்ன சொன்னேன்... ஆங். ரெண்டு விமர்சனம் இங்கிலீசுல வந்துது. எனக்குப் படிக்கத் தெரியும், ஆனா இந்த மாதிரி இங்கிலீசு புரியாது. ஜெசிந்தா டீச்சர் அரிசி வாங்க வந்தப்ப குடுத்து அர்த்தம் கேட்டேன். டீச்சர் கண்ணாடியப் போட்டுக்கிட்டு படிச்சாக, படிச்சாக, மடிச்சுக் குடுத்துட்டாக. "நல்லாத்தான் எழுதிருக்கான் கோமதி." "என்ன எழுதிருக்குன்னு சொல்லுங்க டீச்சர்." "ஒன் குரலக் கேட்டா மூச்சு முட்டுதுங்கான்." வரிசையில நின்ன ஒருத்தன் சிரிச்சான். அவன் யாருன்னு எனக்குத் தெரியும். இன்னொண்ணுல அஞ்சுக்கு மூணரை மார்க்கு. அந்தக் குரல் ரொம்ப நேரம் ஓடுது, பாதியில நிறுத்தியிருக்கலாம்னு குறை. இருவத்தஞ்சு செகண்டு கூட என்னயப் பேச விட மாட்டாகளாம்!

ஒரு பையன் வீடியோவுல பேசினான், அதக் கேட்டுத் தாள்ல எழுதி வச்சிருக்கேன். தலைய ஆட்டி ஆட்டிப் பேசுதான். 'அந்தக் குரல் குடுத்தவங்க யாருன்னு தெரியல, ஆனா செம நடிப்பு, அந்த எரிச்சல அப்படியே கொண்டுவந்துட்டாங்க'ங்கான். நடிப்பாம். எரிச்சலாம். நான் அதுக்குக் கீழ எழுதினேன், 'தம்பி, அது நடிப்பு இல்லை, நான்தான், கோமதி, சங்கரன்கோவில்'னு. அதுக்கு அம்பது பேரு சிரிக்கிற பொம்ம போட்டாங்க.

ஏழுலயும் மோசம் கடைசியா வந்தது. வயசானவர் ஒருத்தர் எழுதுனது. அவர் என்னயப் பத்தி ஒரு வார்த்த சொல்லல. 'இது இசையே அல்ல, வேலையில்லாத இளைஞனின் கணினி விளையாட்டு'ன்னு தம்பியத்தான் கிழிச்சிருந்தாரு. அன்னைக்கு எனக்கு ஒரு வா சோறு எறங்கல. அவருக்கு மட்டும் பதினோரு பக்கம் லெட்டர் எழுதினேன். அவன் பத்து வயசுல வீட்டு அண்டாவுல தாளம் போட்டது, என் தையல் மிஷின் சத்தத்துக்கு ராகம் இழுத்தது, எல்லாம் எழுதினேன். பதில் வரல. எங்க வீட்டு அவுகளே பதிவுத் தபால்ல அனுப்புனாக, போய்ச் சேந்துது, அதுக்கு அத்தாட்சி இருக்கு.

சரி, நம்ம குரல்தானே இவங்களுக்கெல்லாம் இம்புட்டுத் தொந்தரவுன்னு நான் அனுப்புறத நிறுத்திட்டேன். ஆமா, நிறுத்தியே போட்டேன். நான் சாப்ட்டியான்னு கேட்டா நாலு பேரு கட்டுர எழுதுவான்னா எதுக்குக் கேக்கணும்? அவனே அனுப்பட்டும், பாப்போம்னு இருந்தேன். ஒரு வாரம் ஆச்சு. ஒரு மாசம் ஆச்சு. அவனும் ஒண்ணும் அனுப்பல. காலையில வேல இருக்கும், தெரியாது. மத்தியானம் ரெண்டு மணி, சாப்பாட்டுக்குக் கடை மூடுத நேரம் இருக்கு பாரு, கை தானாப் போனை எடுத்துரும். வாய்கிட்ட கொண்டுபோவேன். 'ஏல'ங்கற வரைக்கும் வந்துரும். அந்த எழுத்தெல்லாம் கண்ணு முன்னால வந்து நிக்கும், விசாரணை, அதிகாரம், மூச்சு முட்டுதுன்னு. போனை வச்சுருவேன். ரெண்டு மாசம் இப்படி.

அப்பதான் கூட்டம். 'பதில் போடு: ஒரு கலந்துரையாடல்'னு நோட்டீசு வந்துது. அவன் என்னயக் கூப்பிடல. ரெண்டு மாசம் கழிச்சு நான்தான் போன் பண்ணினேன். "நான் வாரேன்"னேன். "வேண்டாங்க்கா, ஒனக்குப் பிடிக்காது"ன்னான். "எனக்கு எது பிடிக்கும் பிடிக்காதுன்னு நீ சொல்லாத"ன்னு வச்சுட்டேன். ஏழு விமர்சனத்தையும் செவப்புப் பேனாவால கோடு போட்டு எடுத்துக்கிட்டு வண்டி ஏறுனேன்.

ஏசி ஹாலு. மேடையில மூணு நாற்காலி. நடுவுல என் தம்பி. இளைச்சிருந்தான். தாடி வேற. ஒரு பக்கம் தலைமை தாங்குற ஒருத்தரு, இன்னொரு பக்கம் அந்த ரேணுகா. நான் நெனச்ச மாதிரி இல்ல. கதர்ச் சேல கட்டிக்கிட்டு, என் வயசுதான் இருக்கும், மெதுவாப் பேசுதாக. "இந்தக் குரலுக்கு முகம் கிடையாது. முகம் இல்லாததுதான் அதனோட பலம்"னாக. அதுவரைக்கும் நான் பல்லக் கடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். மொகம் இல்லைன்னு சொன்னதும் எந்திரிச்சுட்டேன். ஒரு பிள்ள மைக்க நீட்டிக்கிட்டு ஓடி வந்துது. எனக்கு எதுக்கு மைக்கு?

"மொகம் இருக்கு. இந்தா, இதுதான். அந்தக் குரல் நான்தான்."

அம்புட்டுத் தலையும் என் பக்கம் திரும்புச்சு. பெறவு கை தட்டுறாங்கம்மா! எந்திரிச்சு நின்னு தட்டுறாங்க. நாங்க முன்னமே பேசி வச்சு நிகழ்ச்சில ஒரு பகுதியா நான் வந்திருக்கேன்னு நெனச்சுட்டாங்க. நான் சொல்லுதேன், "கை தட்டாதீங்க, நான் கோவமா இருக்கேன்"னு. அதுக்கும் தட்டுதாங்க. "எவன் மூச்சு முட்டுதுன்னு எழுதினான், எந்திரிச்சு நில்லு"ங்கேன். சிரிப்பு, விசில். போனை எல்லாம் தூக்கிப் படம் எடுக்காங்க. தலைமை தாங்குனவரு, "அருமையான இடையீடு"ங்காரு. நான் பேசப் பேச அவங்களுக்குக் கொண்டாட்டம். தொண்ட கிழிஞ்சுது, ஒருத்தனுக்கும் காதுல ஏறல. வாழ்க்கையில எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்ததில்ல. என் சத்தத்துக்கு ஒரு ஊரே அடங்கும். இங்க நான் கத்துன கத்தெல்லாம் பாட்டாப் போச்சு.

வேற வழி தெரியாம மேடையப் பாத்துக் கேட்டேன். "ஏல, நீ சொல்லுல. நான் ஒன்ன நெருக்கினேனா? அதிகாரம் பண்ணினேனா? இவங்க முன்னால சொல்லு."

அவன் தல குனிஞ்சுக்கிட்டு இருந்தான். மைக்க எடுத்தான், வச்சான். மைக்கு இல்லாமத்தான் சொன்னான்.

"ஆமாக்கா."

இப்பம் ஒருத்தனும் கை தட்டல. அம்புட்டு பேரும் என்னையே பாக்காங்க. நான் உக்காந்துட்டேன். அவ்வளவு பேரு முன்னால பயத்துல சொல்லிட்டான்னுதான் மொதல்ல நெனச்சேன். பயந்த சுபாவம் அவனுக்கு. எதுக்குப் பயப்படுவான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

கூட்டம் முடிஞ்சதும் பக்கத்துல ஒரு மெஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போனான். எதுத்தாப்புல உக்காந்தான். தோச வந்துது. நான் ஒண்ணும் கேக்கல. சாப்புடுன்னும் சொல்லல. அவனாத் தின்னான். ரெண்டாவது தோசையில பாதி போனப்ப சொன்னான், "அக்கா, போன வருசம் நாப்பத்தி மூணு நாள் நான் பதில் போடல, ஞாபகம் இருக்கா?"

"வேல ஜாஸ்தி, தெரியும்."

"வேலைக்கே போகல. கட்டில விட்டு எந்திரிக்கல. ஏன்னு எனக்கே தெரியல. பல்லு வெளக்கல, யார் வந்தாலும் கதவத் தொறக்கல, யார் போனையும் எடுக்கல. ஒன் மெசேஜ் மட்டும் கேப்பேன். கேட்டாலும் கேக்கலேன்னாலும் அடுத்தது வந்துரும். சாப்ட்டியால, சாப்ட்டியாலன்னு. அது நிக்கணும்னுதான் எந்திரிச்சுப் போயி எதையாவது வாங்கித் தின்பேன். நிக்காது. மறுநாளும் வரும். மறுநாளும் போயித் தின்பேன்."

நான் டம்ளர்ல தண்ணி ஊத்தி அவன் பக்கம் தள்ளினேன்.

"எனக்கு ஒன் குரலக் கேட்டா வெறுப்பா வரும்க்கா. அது இல்லாம இருந்திருந்தா நான் அந்தக் கட்டில்லயே கெடந்திருப்பேன். ரெண்டும் நெசம். ரெண்டையும்தான் பாட்டா வச்சேன். நீ மொதப் பாட்டு மட்டும் கேட்டிருக்க, இல்ல?"

"ஆமா."

"மொத்தம் ஒம்போது இருக்குக்கா."

ஏம்மா, நீ சொல்லு. ஒருத்தன் சாப்ட்டதச் சந்தோசம்னு எடுத்துக்கிடவா, நான் வாய மூடணும்னு சாப்ட்டான்னு வருத்தப்படவா? இந்த ரெண்டுல எதுன்னு அந்த ஏழு பேர்ல ஒருத்தராவது எழுதியிருந்தா நான் நேத்து கத்தியிருக்க மாட்டேன்லா? பொறு, நானே சொல்லுதேன். ரெண்டும்னு நீயும் அவன மாதிரி சொல்லுவ. ரெண்டும்னு சொல்லுதது லேசு.

மிச்சம் எட்டுப் பாட்டா? கேக்கணும். வீட்டுக்குப் போயித்தான் கேக்கணும்.

இன்னைக்குக் காலம்பற, இந்த பஸ்ஸு ஏறுறதுக்கு முந்தி, ரயில்ல வரும்போது போன் வந்துது. புது நம்பரு. அந்த ரேணுகாம்மா. தம்பிகிட்ட நம்பர் வாங்கியிருக்காக. "நேத்து நீங்க பேசினது எங்களுக்கெல்லாம் பெரிய திறப்பா இருந்துச்சுங்க"ன்னாக. எதத் தொறந்தேன்னு எனக்குத் தெரியல. "நான் அவசரப்பட்டு எழுதிட்டேனோன்னு தோணுது. ஒரு மறுபார்வை எழுதலாம்னு இருக்கேன். எதையெல்லாம் மாத்தணும்னு நீங்க நினைக்கிறீங்க?"

பாத்தியா, நான் இதுக்குத்தான் இத்தன மாசமா காத்துக் கெடந்தேன். பைய மடியில வச்சு பத்திரிகைய எடுத்தேன். ஒவ்வொரு செவப்புக் கோடாப் பாத்தேன். விசாரணை. அந்த எடத்துல கொஞ்ச நேரம் நின்னேன். "அது இருக்கட்டும்"னேன். அதிகாரம். "அதுவும் இருக்கட்டும்." அந்தம்மா, "ஹலோ, லைன்ல இருக்கீங்களா"ங்காக. அவுக அதுக்கு முந்தி என்கிட்ட பேசினதில்லைல்லா, நான் பேசாம இருந்தா போன் கட்டாயிருச்சுன்னு நெனச்சுட்டாக.

"ஒண்ணே ஒண்ணு மாத்துங்க. நாலு எடத்துல 'தாய்'னு எழுதியிருக்கீங்க. 'தாயின் குரல்', 'தாயின் பிடி'ன்னு."

"அது ஒரு குறியீடுங்க. குறிப்பிட்ட ஒருத்தங்களச் சொல்லல."

"குறியீடு இல்லம்மா. எங்களுக்கு ஒரு அம்மா இருந்தா."

ரயில் சத்தத்துல கேட்டுச்சோ என்னமோன்னு ரெண்டாந் தரமும் சொன்னேன். எங்கம்மா எங்கள ஒரு நாள் அதட்டினது கெடையாது. பக்கத்துல உக்காந்திருந்தாலும் குனிஞ்சு காதக் குடுத்துத்தான் கேக்கணும், அப்படிப் பேசுவா. சாப்புடலேன்னா பேசாம வந்து பக்கத்துல உக்காந்துக்கிடுவா, அம்புட்டுத்தான். அவ போனப்ப போனு ஏது, பதிவு ஏது. அவனுக்கு அவ குரல் ஞாபகமே இல்ல, சின்னப் பிள்ளைல்ல. இத நாளைக்கு எவனாவது எடுத்துப் படிச்சுட்டு, அவ சத்தம் இப்படித்தான் இருந்திருக்கும்னு நெனச்சிரக் கூடாதுல்லா? "அக்கான்னு போடுங்க. கோமதின்னு பேரையும் போடுங்க. என்ன திட்டணுமோ என்னயத் திட்டுங்க"ன்னேன்.

அந்தம்மா, "எழுதிக்கிட்டேங்க"ன்னாக.

அச்சடிச்சத மாத்த முடியாதாம். அடுத்த மாச இதழ்ல, கடைசிப் பக்கத்துல, 'திருத்தம்'னு ஒரு வரி போடுவாகளாம். ஒரே ஒரு வரி. பெரிய பெரிய எழுத்துல நாலு எடத்துல தப்பாப் போட்டுட்டு, பொடி எழுத்துல ஒரு வரி. சரி, வரட்டும், பாப்போம். போடலேன்னா மறுபடியும் மெட்ராஸ் போவேன்.